மூன்றாவது பீப்பா

செப்டம்பர் 4, புதன்

எட்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு இன்று வேலைக்குப் போனேன். உடம்பு சரியாகிவிட்டது. தடிமன் மட்டும் விடவில்லை. மூக்கு ஒழுகவில்லை, தும்மலும் இல்லை, ஆனாலும் அடைத்தது போலவே இருக்கிறது.

இந்தக் கொப்பியில் இதுவரை சமையல் அளவுகள்தான் எழுதியிருக்கிறேன். மதிய வேலை இரண்டரைக்கு முடியும், மாலை வேலை ஐந்துக்குத் தொடங்கும். நடுவில் உணவகத்தின் குசினிக்கு மேலே இருக்கும் சின்ன அறையில் படுத்துவிடுவது வழக்கம். இன்று படுக்க முடியவில்லை. இரண்டு முறை கீழே போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைந்துதான் இருந்தது.

சில்கே என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துவிட்டார். "குலா, நீங்கள் இல்லாமல் ஒண்டும் ஓடேல்லை" என்றார். அவர் பேசுவது டொச், அதாவது ஜெர்மன். ஆனால் எழுதும்போது எல்லாம் எங்கள் தமிழாகத்தான் வருகிறது. சென்ற வருடம் மாசியில் அவருடைய அப்பா இறந்தபின் திராட்சைத் தோட்டம், நிலவறை, இந்த உணவகம் மூன்றும் நாற்பத்தொரு வயது சில்கேயின் தலையில். நெக்கார் ஆற்றைப் பார்த்த சரிவில் ஆறு ஏக்கர். போன இலையுதிர்காலத்தில் அவர் தனியாகப் பிழிந்த முதல் வைன் பீப்பாவில் இருக்கிறது. லெம்பெர்கர், இந்தப் பக்கத்துச் சிவப்பு. ஓடிவந்ததும் அவர் கேட்டது அதைப் பற்றித்தான். "எப்ப மணந்து பாக்கிறியள்?"

தடிமன் போகட்டும் என்றேன்.

செப்டம்பர் 7, சனி

வெங்காயம் ஆறு கிலோ உரித்தேன். கண் எரிந்தது. அதுவரைக்கும் நல்லது.

செப்டம்பர் 12, வியாழன்

சில்கேயால் இனிப் பொறுக்க முடியவில்லை. மதியம் குசினிக்கே மூன்று கிளாஸ்களோடு வந்துவிட்டார். மூன்று பீப்பாவிலிருந்தும் ஒவ்வொன்று.

இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். நான் வைன் குடிப்பதில்லை. இருபத்தைந்து வருடமாக ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை. ஆனால் இங்கே வேலைக்கு வந்த முதல் வருடம், சாப்பாடு பரிமாறப் போகும்போது ஒரு வைனை மணந்துவிட்டு, "இதோடு காளானை வைக்காதீர்கள், பருப்பை வையுங்கள்" என்று சும்மா சொல்லிவிட்டேன். சில்கேயின் அப்பா வைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து பதினொரு வருடமாக எந்த வைனும் என் மூக்கைத் தாண்டாமல் மேசைக்குப் போனதில்லை. குடிக்காத மூக்கு என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

மூன்று கிளாஸையும் ஒவ்வொன்றாகச் சுழற்றி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். உதவிச் சமையல்காரி வெஸ்னாகூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதலாவதிலை கறுப்புச் செர்ரி. இரண்டாவதிலை மிளகு கூட" என்றேன். லெம்பெர்கர் என்றால் செர்ரியும் மிளகும் இருக்கும்தானே.

"மூண்டாவது?"

"மூண்டாவது கொஞ்சம் அடங்கின மாதிரி. நல்லாயிருக்கு."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"அது நான் பழசாய் வாங்கின பீப்பா. நான் ஒவ்வொரு நாளும் கீழேயே கிடக்கிறன், என்ரை மூக்கு பழகிப்போச்சு. வடிவாய்ப் பாத்துச் சொல்லுங்கோ."

இன்னொரு முறை மணந்தேன். "நல்லாயிருக்கு, சில்கே."

அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோது நான் பாத்திரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொய் என்று சொல்ல முடியாது. மூன்றின் நிறமும் நன்றாகவே இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் பால் எரிந்துவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே, மேசையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி மலர் குளியலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னப்பா, உந்தப் பால் எரியிறது தெரியேல்லையே?"

"யோசனையிலை இருந்திட்டன்."

அவள் சட்டியைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் விட்டாள். முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் பதினாறு வருடமாக வேலை செய்கிறவள். துணியை விரிக்காமலே, மணத்தை வைத்து, எந்த அறையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். அலுமாரியைத் திறந்து நீலகிரித் தைலத்தை எடுத்து, என் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

"என்ன மணக்குது?"

"குளிருது."

"குளிர் மணம் இல்லை."

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

செப்டம்பர் 25, புதன்

மூன்று பீப்பாவையும் ஒன்றாகக் கலந்து இன்று போத்தலில் அடைத்தார்கள். தொளாயிரத்துச் சொச்சம் போத்தல். நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

விடுமுறை நாள். ஆற்றோரம் நடக்க வந்தவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் சாப்பிட்டார்கள் போலிருக்கிறது. வெங்காயம் போட்ட மாட்டிறைச்சி வறுவல் எழுபது பேருக்கு. எல்லாவற்றுக்கும் இப்போது மணிக்கூடு வைக்கிறேன். வெங்காயம் பொன்னிறமாக ஒன்பது நிமிடம். மா வறுபட நான்கு. உப்பைத் தராசில் நிறுத்துப் போடுகிறேன். நிறுத்துச் சமைத்தால் பிழை வராது, ஏன் இத்தனை வருடம் கையளவில் போட்டேன் என்றுதான் யோசிக்கிறேன்.

கிரீம் வாளியொன்றைச் சூப்புக்குள் ஊற்றப்போனபோது வெஸ்னா என் கையைப் பிடித்துவிட்டாள். "இது பழுதாப் போச்சு, தெரியேல்லையா?" என்றாள். நான் திகதியைப் பார்த்தேன், திகதி சரியாகத்தான் இருந்தது. குளிரறைக் கதவு சரியாக மூடவில்லை என்று அவளோடு சத்தம் போட்டேன். அவள் வாளியைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

இடைவேளையில் ஆற்றுவரை நடந்து போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

அக்டோபர் 9, புதன்

மலரின் கரைச்சல் தாங்காமல் மூக்கு வைத்தியரிடம் போனேன். என் கண்ணைக் கட்டிவிட்டுப் பன்னிரண்டு குச்சிகளை மணக்கத் தந்தார். ஒவ்வொன்றுக்கும் நாலு பதில் சொல்லி ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னார். எனக்கு மூன்று சரி வந்தது.

"மூண்டு சரிதானே" என்றேன்.

"மணக்காமலே நினைச்சதைச் சொன்னாலும் மூண்டு சரி வரும்" என்றார் வைத்தியர். காய்ச்சல் நரம்பைத் தொட்டிருக்கிறதாம். சிலருக்கு மாதங்களில் திரும்பும். சிலருக்குத் திரும்பாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

வேலையிடத்தில் சொல்லிவிடுவது நல்லது என்றார். சொல்லத்தான் வேண்டும். சில்கே அறுவடையில் ஓடிக்கொண்டிருக்கிறார், இப்போது சொல்லித் தலையைக் குழப்பக்கூடாது.

அக்டோபர் 20, ஞாயிறு

அறுவடை முடிந்தது. சில்கே ஒரு கடுதாசியோடு வந்து குசினிக்குள் உட்கார்ந்தார். நவம்பர் 17, ஞாயிறு மதியம், நாற்பது பேருக்கு விருந்து. புதிய லெம்பெர்கருக்காக. அயல் தோட்டக்காரர்கள், பழைய வாடிக்கையாளர்கள், ஹம்பேர்க்கிலிருந்து பிராண்டிஸ் என்ற வைன் வியாபாரி. அவருக்குப் பிடித்தால் பாதிப் போத்தல்களை அவரே எடுப்பார், மற்ற நகரங்களில் சில்கேயின் பெயர் தெரியவரும்.

"என்ன சமைப்பம், குலா?"

நான் தயாராக இருந்தேன். வெங்காய மாட்டிறைச்சி, வினாகிரிக் காடி விட்ட பருப்பும் ஸ்பெட்ஸ்லேயும், மான் இறைச்சி, முற்றிய சீஸ். ஸ்பெட்ஸ்லே என்பது முட்டை மாவில் பிழியும் குட்டி நூடில்ஸ், இங்கே அது இல்லாமல் விருந்தில்லை.

சில்கே எழுதாமல் என்னைப் பார்த்தார். "இது எல்லாப் புத்தகத்திலையும் இருக்கிறதுதானே. நீங்கள் முந்தி இப்பிடிச் சொல்லமாட்டியள். அப்பாவின்ரை வைனுக்கு ஒருக்கா பீற்றூட்டை அடுப்பிலை சுடச் சொன்னீங்கள், ஞாபகம் இருக்கோ? எல்லாரும் சிரிச்சவை."

"வயசு போகுது."

"உங்களுக்கு என்னோடை ஏதும் கோபமோ?"

"சீச்சீ."

அவர் போனபின் கத்திகளை எல்லாம் எடுத்துத் தீட்டினேன். அவை கூராகத்தான் இருந்தன.

அக்டோபர் 28, திங்கள்

இன்று உணவகம் பூட்டு. நேற்று ஒரு போத்தலைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குள் இதற்கு முன் வைன் போத்தல் வந்ததில்லை. மலர் அதை மேசையில் கண்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்க இல்லை" என்றேன். "நீ மணந்து சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு வைன் தெரியாது."

"தெரியத் தேவையில்லை. என்ன மணக்குதோ அதைச் சொல்லு."

தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றினேன். அவள் மூக்கைக் கொண்டுபோனாள். உடனே எடுத்துவிட்டாள். மறுபடி மணந்தாள்.

"பழம் மணக்குது. பிளம்ஸ் மாதிரி."

"வேறை?"

"சொன்னாக் கோவிக்கக்கூடாது."

"சொல்லு."

"மாட்டுக்கொட்டில். மழைக்கு நனைஞ்ச கொட்டில். நெடுகவும் இல்லை, பழத்துக்குப் பின்னாலை வருகுது. இங்கை ஆருக்கும் உது பிடிக்குமோ?"

பழைய பீப்பாக்களில் வரும் நோய் அது. மரத்துக்குள் இருக்கும் ஒரு கிருமி. அதை நான் நூறு கிளாஸுக்கு நடுவிலும் பிடித்துவிடுவேன். பிடித்துவிடுவேன் என்று எழுதிவிட்டேன், இப்போதும் முடியும் என்பது போல.

மூன்று பீப்பாவில் எதில் இருந்தது என்று எனக்குத் தெரியும். சில்கேக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். இரண்டு முறை கேட்டாரே.

மலர் கோப்பையைக் கழுவினாள். "இப்ப போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

"விருந்து முடியட்டும்."

"விருந்துக்கு அதைத்தானே குடுக்கப்போகினம்?"

அக்டோபர் 29, செவ்வாய்

சொல்லவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

இன்றும் இல்லை. சில்கேக்குப் பல்வலி. வலியோடு இருக்கும் ஆளிடம் எப்படிச் சொல்வது? போத்தலில் ஒட்டும் லேபல் அச்சடித்து வந்திருக்கிறது. அவர் பெயர், அதன் கீழே லெம்பெர்கர், வேறு ஒன்றும் இல்லை. ஒன்றை என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 2, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் நிலவறைக்குப் போனேன். சில்கே ரப்பர்க்குழாயால் நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன், இல்லாவிட்டால் திரும்பி ஏறியிருப்பேன்.

"எனக்கு மணம் தெரியிறேல்லை. காய்ச்சலுக்குப் பிறகு ஒண்டுமே தெரியேல்லை. அண்டைக்கு மூண்டு கிளாஸையும் நான் மணக்கேல்லை. மணக்கிற மாதிரி நிண்டனான்."

அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. "மூண்டாவது?"

"மாட்டுக்கொட்டில் மணம். மலர் சொன்னவ."

"உங்கடை மனுசிக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஓம்."

"எனக்கும் தெரிஞ்சது, குலா. ஆவணியிலேயே தெரிஞ்சது. என்னை நம்பாமல்தான் உங்களட்டை வந்தனான். என்னைச் சுத்தி இருக்கிற எல்லாரும், அப்பா செத்ததாலை, நல்லாயிருக்கு நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுகினம். நீங்கள் ஒராள்தான் அப்பாவின்ரை முகத்துக்கு நேரையே நல்லாயில்லை எண்டு சொன்ன ஆள்." குழாயை இப்போதுதான் மூடினார். "அந்தப் பீப்பாவைத் தனியா எடுத்து ஊத்தியிருப்பன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும்."

நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"அது உங்களுக்குச் சுகமான வழி" என்றார். பிறகு மறுபடி குழாயைத் திறந்தார்.

மதியம் முப்பத்தெட்டுப் பேர் சாப்பிட்டார்கள். சில்கே குசினிக்குள் வரவில்லை. யாருக்கு என்ன சாப்பாடு என்று எழுதிய கடுதாசிகளை வெஸ்னாவிடம் கொடுத்தனுப்பினார்.

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் மேசையில் ஒரு போத்தல், இரண்டு கிளாஸ், ஒரு வெறும் வாளி. சில்கே எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மூக்கு இல்லாட்டிப் போகட்டும். நாக்கு இருக்குதோ?"

நாக்கு இருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் தெரிகிறது. இல்லாவிட்டால் இரண்டு மாதம் சமைத்திருக்க முடியாது.

"அப்ப வாயிலை எடுங்கோ. வாளிக்குள்ளை துப்புங்கோ. இந்த வைனுக்கு எது பொருந்துமெண்டு எனக்குத் தெரியவேணும். விருந்தை நிப்பாட்ட ஏலாது."

"நான் குடிக்கிறேல்லை, சில்கே."

"ஏனெண்டு ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேக்கவும் இல்லை. இப்ப கேக்கிறன்."

சொன்னேன். என் தம்பி யோகேஸ் தொண்ணூற்றொன்றில் இங்கே வந்தான். அகதி முகாமில் இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லை, நாள் முழுக்க கட்டிலில் கிடந்து அழுவான். நான் அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மிஞ்சிய வைனைப் போத்தலில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும் என்று. முதல் போத்தலைக் கொடுத்தது நான். எட்டு வருடம் கழித்து அவன் அறைக் கதவை உடைத்துத் திறந்தபோது உள்ளே போனதும் நான். புளித்த சிவப்பு வைனின் மணம் அறை முழுக்க. இதை மலரைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. எழுதியதும் இல்லை.

சில்கே போத்தலைத் தன் பக்கம் இழுத்து மூடினார். "வேண்டாம். நான் உப்பிடித் தெரியாமல் கேட்டுட்டன்."

நான் எழுந்து வாசல்வரை போனேன். திரும்பி வந்து கிளாஸில் நானே ஊற்றினேன். வாயில் எடுத்தேன்.

புளிப்பு முதலில் வந்தது, பச்சை மாங்காய் அளவுக்கு இல்லை, ஆனால் அந்தப் பக்கம். அதற்குப் பின்னால் துவர்ப்பு. நாவற்பழம் தின்றபின் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதே மாதிரி கன்னத்துக்குள் இழுத்துப் பிடித்தது. தொண்டையில் ஒரு சூடு. துப்பினேன்.

"புளிப்பும் துவர்ப்பும்" என்றேன். "கொழுப்பும் உப்பும் வேணும். கொழுப்பு துவர்ப்பை ஆத்தும்."

மதியம்வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஆற்றுமீனோடு இரும்பை நக்குவது போல இருந்தது. மென்மையான வெள்ளைச் சீஸ், கூடாது. காடி விட்ட பருப்பு நன்றாகப் போனது, பருப்பின் புளிப்புக்குப் பக்கத்தில் வைனின் புளிப்பு அடங்கிவிட்டது. வெங்காயத்தோடு வறுத்த மாட்டிறைச்சி அதைவிட நல்லது. செத்தல் மிளகாய் போட்டு நான் ஒரு கறி வைத்தேன், அதோடு வைன் நெருப்பாக எரிந்தது. என் கறி தோற்றதில் சில்கேக்குக் கொஞ்சம் சந்தோஷம் போலிருந்தது.

எத்தனை முறை துப்பினேன் என்று தெரியாது. ஒன்றையும் விழுங்கவில்லை.

நவம்பர் 9, சனி

நாக்கு பாதிதான் சொல்லும். கொட்டில் மணத்தை நாக்கு அறியாது. அதனால் மலர் வந்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவை இந்தக் குசினிக்குள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வைத்தியரைப் பார்க்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சில்கே அவளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார். மலர் குடிக்கவில்லை, என்னைப் போலவே மணந்தாள். ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பையாக முன்னால் வைத்தேன். ஒரு வாய் சாப்பிடுவாள், கிளாஸை மணப்பாள், சொல்வாள். அவள் டொச்சில் இலக்கணம் இல்லை, ஆனால் தயக்கமும் இல்லை.

"காளான், இல்லை. கொட்டில் பெரிசாகுது." "இந்தச் சீஸோடை, அய்யோ, வேண்டாம்." "மாடு, பரவாயில்லை. பாதி தெரியுது."

மான் இறைச்சியை இரண்டு விதமாக வைத்திருந்தேன். ஒன்று இந்த ஊர் முறைப்படி. மற்றதற்குக் கொத்தமல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம் நான்கையும் கறுக்கக் கறுக்க வறுத்து அரைத்து, மிளகாய் இல்லாமல், பட்டரில் வதக்கிய வெங்காயத்தோடு மூன்று மணி நேரம் அவியவிட்டேன். வறுக்கும்போது மலர்தான் பக்கத்தில் நின்று, "இப்ப இறக்குங்கோ" என்றாள். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

அதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளாஸை மணந்தவள் மறுபடி மணந்தாள்.

"எங்கை போச்சு?"

"என்ன?"

"கொட்டில் இல்லை. கிடக்குது, ஆனா அது இந்த இறைச்சியின்ரை மணம் மாதிரி வருகுது. மான் காட்டிலை நிண்டதுதானே."

சில்கே பாய்ந்து கிளாஸை எடுத்தார். சாப்பிட்டார், குடித்தார், கண்ணை மூடினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சேர்க்கை எப்படி மணக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் சமைத்ததுதான்.

"அப்ப பிழையை ஒளிச்சுப்போடலாம்" என்றேன்.

சில்கே கண்ணைத் திறந்தார். "உங்களுக்கு இன்னும் ஒளிக்கத்தான் யோசினை போகுது" என்றார்.

நவம்பர் 16, சனி

நாளைக்கு விருந்து. மான் இறைச்சி பதினான்கு கிலோ வெட்டியாகிவிட்டது. காலையிலிருந்து உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழும்பவேண்டும் போலிருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிடவேண்டும்.

நாற்பது பேரும் வந்திருந்தார்கள். பிராண்டிஸ் ஒல்லியான, மெதுவாகப் பேசும் மனிதர். பருப்பு முதலில் போனது, வைன் ஊற்றினார்கள். நான் குசினிக் கதவின் வட்டக் கண்ணாடியால் பார்த்தேன். அவர் மணந்தார். கிளாஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுக்கவில்லை.

மான் இறைச்சி போவதற்கு முன் சில்கே எழுந்து நின்றார். பேச்சை எழுதிவைத்திருந்தார், ஆனால் கடுதாசியைப் பார்க்கவில்லை.

"இந்த வைன் மூண்டு பீப்பாவிலை இருந்தது. மூண்டாவதிலை ஒரு பிழை இருந்தது. எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனா நல்லாயிருக்கு எண்டு கேக்க ஆசைப்பட்டனான். அதாலை கலந்துபோட்டன். நீங்கள் குடிக்கிறது அதைத்தான். தனியக் குடிச்சா அந்தப் பிழை தெரியும். இப்ப வரப்போற சாப்பாட்டோடை குடிச்சுப் பாருங்கோ. பிறகு என்ன நினைக்கிறியளோ அதைச் சொல்லுங்கோ."

ஒருவர் இருமினார். என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். ஏப்ரனில் மசாலாக் கறை, கையில் அகப்பை.

"அவ என்னட்டைக் கேட்டவ" என்றேன். "பிழை இருக்கோ எண்டு இரண்டு தரம் கேட்டவ. இல்லை எண்டு சொன்னது நான். எனக்கு மணமே தெரியாமல் இருந்தது. அதையும் மறைச்சனான். நான்தான் சமையல்காரன். சாப்பாடு வருகுது."

உள்ளே வந்ததும் கிழங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மலர் கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். "இருக்கிற நேரமே இது? எழும்புங்கோ, ஆறுது" என்றாள்.

இறைச்சி போனது. கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும். பிறகு பேச்சுத் தொடங்கியது. ஒரு மேசையில் சிரித்தார்கள். அயல் தோட்டக்காரர் ஒருவர் எழுந்து, தன்னிடமும் அப்படி ஒரு பீப்பா இருந்ததென்றும், ஆறு வருடம் யாருக்கும் சொல்லவில்லை என்றும் சொன்னார். இரண்டு பேர் சாப்பிட்டு முடித்ததும் கைகொடுக்காமலே போய்விட்டார்கள். அதையும் எழுதவேண்டும்.

பிராண்டிஸ் இறைச்சி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். கிளாஸையும் முடித்தார். போகும்போது குசினிக்குள் வந்தார்.

"இந்தக் கறியோடை நல்ல வைன். ஆனா நான் போத்தலைத்தான் விக்கிறனான், கறியை இல்லை" என்றார். சில்கேயிடம், வாங்கமாட்டேன் என்று நேராகவே சொன்னார். அடுத்த அறுவடை வைன் தயாரானதும் எழுதும்படியும் சொன்னார். அது மரியாதைக்கா உண்மைக்கா என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

எல்லோரும் போனபின் சில்கே வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"நீங்கள் வெளியிலை வந்திருக்கத் தேவையில்லை."

"எனக்குத் தேவையாயிருந்தது."

"ம்" என்றார். மிஞ்சிய இறைச்சியைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 27, புதன்

லெம்பெர்கர் வெளியே விற்பனைக்குப் போவதில்லை. உணவகத்தில் மட்டும், கிளாஸ் கிளாஸாக, மான் இறைச்சியோடு அல்லது வெங்காய மாட்டிறைச்சியோடு. தனியாகக் கேட்பவர்களிடம் வெஸ்னா காரணத்தைச் சொல்கிறாள். சொன்னபின் சிலர் பியர் எடுக்கிறார்கள், சிலர் ஆர்வத்தில் இறைச்சியும் வைனும் எடுக்கிறார்கள். வியாபாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. லேபல்கள் பெட்டியோடு மேலே கிடக்கின்றன.

மூன்றாவது பீப்பாவை ஆள் வைத்து உடைத்தார்கள். சத்தம் கேட்டு நானும் கீழே போய் இரண்டு பலகையைத் தூக்கி வெளியே போட்டேன். சில்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையைப் பற்றிப் பேசுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். கட்டிப்பிடிப்பதில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமைகளில் மலர் வருகிறாள். மசாலா வறுக்கும்போது நிற்பதற்கு. அவளைச் சில்கே கேட்டாரே தவிர, நான் கேட்கவில்லை.

டிசம்பர் 11, புதன்

மதியக் கூட்டத்துக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று எங்கேயோ கார் ரயர் எரிவது போல இருந்தது. மின்கம்பி கருகுகிறது என்று நினைத்து அடுப்பை அணைத்தேன், சுவர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், வெஸ்னாவைக் கூப்பிட்டேன்.

"என்ன எரியுது?"

அவள் சுற்றிப் பார்த்து மூச்சை இழுத்தாள். "ஒண்டும் எரியேல்லை. வெங்காயம்தான்."

சட்டிக்கு மேலே குனிந்தேன். அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. விலகினேன், குறைந்தது. மறுபடி குனிந்தேன், வந்தது. நான்கு தரம் அப்படிச் செய்தேன். வெஸ்னா பயந்துபோனாள்.

போன் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. மலருக்கு எடுத்திருக்கலாம். ஏனோ படியிறங்கி நிலவறைக்கு ஓடினேன். சில்கே புது வைன் பீப்பா ஒன்றின்மேல் குனிந்திருந்தார்.

"மணக்குது" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "என்ன மணக்குது?"

"வெங்காயம். ஆனா ரயர் எரியிற மாதிரி. கேவலமான நாத்தம். பிழையாத்தான் மணக்குது. சத்தி வருகுது."

"பிழையா?"

"முழுப்பிழை. வேறை ஒண்டும் தெரியேல்லை. இங்கை, இந்த நிலவறையிலை, எனக்கு ஒண்டுமே மணக்கேல்லை. இது நல்லதோ கூடாததோ எண்டும் எனக்குத் தெரியாது."

சில்கே என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், பீப்பாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. "குலா" என்றார், "நீங்கள் சொன்னதிலையே நல்ல செய்தி இதுதான்."

மேலே வந்து அடுப்பை மூட்டினேன். மூக்கைத் துணியால் கட்டலாம் என்று வெஸ்னா சொன்னாள். வேண்டாம் என்றேன். அந்த நாற்றத்துக்குள் நின்றபடியே முப்பத்தாறு பேருக்கு வெங்காயம் வதக்கி அனுப்பினேன்.